‘சீக்கா மாதிரி ஆடாதே’: இது திட்டா, பாராட்டா?

மேட்டுக்காரன் (கோத்தகிரி), ஞாயிறு இரவு 8.50

நடந்ததைச் சொல்லிட்டு கேள்விக்கு வர்றேன்.

இன்னிக்கு எங்க ஹட்டிக்கும் (மலைக் கிராமம்) பக்கத்து ஹட்டிக்கும் மேட்ச். மேட் விரிச்ச பிட்ச், கார்க் பால், 20 ஓவர். மைதானம் எப்படின்னு மலைக்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. மூணு பக்கம் தேயிலை, நாலாவது பக்கம் பந்து உருண்டா ஆள் இறங்கிப் போய்த்தான் எடுக்கணும். செடிக்குள்ள விழுந்தா எவ்வளவு தூரம் அடிச்சிருந்தாலும் ரெண்டு ரன்தான். பந்து தேடுற நேரத்துக்கு அது அபராதம்.

எங்க ஓப்பனர் பிளஸ் டூ படிக்கிற பையன். முதல் பந்து கவருக்கு மேல நாலு. ரெண்டாவது செடிக்குள்ள. மூணாவது பந்துக்கு காலையும் நகர்த்தாம ஒரு வீசு வீசினான், நடுக்குச்சி எகிறிப் போச்சு. திரும்பி வந்தவன்கிட்ட, கம்பளியைப் போர்த்திட்டு கோட்டுக்கு வெளிய உக்காந்திருந்த என் பெரியப்பா, “சீக்கா மாதிரி ஆடாதேன்னு எத்தன தடவடா சொல்றது”ன்னார்.

பையன் கேட்டான், “சீக்கா யாரு?”

பெரியப்பாவுக்கு அவன் அவுட் ஆனதுல அவ்வளவு கோபம் இல்ல. இந்தக் கேள்விலதான் மூஞ்சி சிவந்துருச்சு. பையன் போனைத் தட்டிப் பார்த்தான். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், 43 டெஸ்ட், சராசரி 29.88. 146 ஒன்டே, சராசரி 29.01. “இவ்வளவுதானா? இதுக்கா இந்த பில்டப்பு?”ன்னு கேட்டுட்டு பேடைக் கழட்டப் போயிட்டான். பெரியப்பா டீ கூட குடிக்காம கிளம்பிட்டார்.

என் கேள்வி ரெண்டு. ‘சீக்கா மாதிரி’ங்கறது திட்டா, பாராட்டா? 29 வச்சிருக்கற ஒரு ஓப்பனரைப் பத்தி நாப்பது வருஷம் கழிச்சும் ஏன் பேசறோம்?

பனிமூட்டம் (ஊட்டி), ஞாயிறு இரவு 9.05

மேட்ச்ல ஜெயிச்சீங்களா தோத்தீங்களா, அதைச் சொல்லவே இல்லையேண்ணா.

மேட்டுக்காரன், ஞாயிறு இரவு 9.07

வேற பேசுவோம்.

எண்கணக்கன் (ஊட்டி), ஞாயிறு இரவு 9.40

பையன் கேட்டதில் தவறில்லை. உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு எண்களைப் பார்ப்போம்.

டெஸ்டில் 2062 ரன். சதம் இரண்டே இரண்டு, அரைசதம் 12. தொடக்க ஆட்டக்காரருக்கு இது சுமாருக்கும் கீழே. நம் மாநிலத்திலேயே ஒப்பிடுங்கள். முரளி விஜய் 61 டெஸ்டில் 12 சதம் அடித்தார், சராசரி 38.28. சடகோபன் ரமேஷுக்கு 19 டெஸ்டுதான் கிடைத்தது, ஆனால் சராசரி 37.97. ரமேஷைப் பற்றி எந்த டீக்கடையில் யார் பேசுகிறார்கள்? விஜய்க்கு எந்த ஊர்ப் பெரியப்பா கோபப்படுகிறார்?

ஸ்ரீகாந்த் ஆடிய காலத்தில் தொலைக்காட்சி புதிது, உலகக் கோப்பை புதிது, சென்னைக்காரர் ஒருவர் இந்தியாவுக்குத் தொடக்க ஆட்டம் ஆடுவதும் புதிது. அந்தப் புதுமையின் பளபளப்பு அவர் மேல் ஒட்டிக்கொண்டது. வேறொன்றுமில்லை.

பழைய ஷிப்ட் (அருவங்காடு), ஞாயிறு இரவு 10.30

எண்கணக்கன் சார், கோபமில்லாமல் எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்தெட்டு.

ஓப்பனர் என்றால் அன்றைக்கு என்ன அர்த்தம் என்று முதலில் சொல்கிறேன். புதுப் பந்தின் பளபளப்பு போகும்வரை கட்டை போட வேண்டும். அதுதான் உத்தியோகம். பின்னால் வருகிறவர்கள் நோகாமல் அடிக்க, முன்னால் போகிறவன் நெஞ்சிலும் விரலிலும் வாங்கிக்கொள்வான். 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்து 334 எடுத்த ஆட்டத்தில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 ரன், அவுட்டே ஆகவில்லை. கவாஸ்கரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரைவிடப் பெரிய ஓப்பனரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவரே அப்படி ஆடினார் என்றால் ஊரில் மற்றவர்கள் எப்படி ஆடியிருப்போம்? நாங்கள் மேட் பிட்சில் ஓப்பனிங் இறங்கினால் பத்து ஓவருக்கு டொக்கு, டொக்கு, டொக்கு. அடித்தவனைக் கேப்டன் மறுவாரம் உட்கார வைத்துவிடுவான்.

1983 ஜூன் 25, சனிக்கிழமை, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். வெளியே தென்மேற்குப் பருவ மழை. ரேடியோவில் பாதி வர்ணனை, பாதி கரகரப்பு. நாலு வீட்டு ஆண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில். எதிரே மேற்கிந்தியத் தீவின் வேகப்பந்துக்காரர்கள் ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். கவாஸ்கர் 2 ரன்னில் போய்விட்டார். அப்போதே ஒருவர் குடையை எடுத்துவிட்டார், வீட்டுக்குப் போகலாம் என்று. அடுத்த கொஞ்ச நேரத்தில் ராபர்ட்ஸ் பந்தைச் சீக்கா ஒற்றை முட்டியைத் தரையில் வைத்துப் பாயின்ட் பக்கம் நாலுக்கு அனுப்பினார். ரேடியோவில் சத்தம்தான் கேட்டது, அடி எப்படி இருந்தது என்று வெகுகாலம் கழித்துத்தான் பார்த்தேன். குடை எடுத்தவர் குடையை மடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மார்ஷல் பந்தில் எல்பி ஆகும்போது 38. அந்த இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியிலும் அதற்கு மேல் எடுத்தவர் ரிச்சர்ட்ஸ்கூட இல்லை. நம் பக்கம் அடுத்தது அமர்நாத்தின் 26. மொத்தமே 183. அந்த 38ஐக் கழித்துவிட்டு எண்ணிப் பாருங்கள்.

எண்கணக்கன், ஞாயிறு இரவு 10.52

கழித்தேன் ஐயா. மேற்கிந்தியத் தீவு 140. நாம் ஜெயித்தது 43 ரன்னில். 38 போனாலும் 5 ரன்னில் ஜெயித்திருப்போம்.

அதே உலகக் கோப்பையில் ஒரு வாரம் முன்னால், ஜூன் 18 அன்று ஜிம்பாப்வேக்கு எதிராக அவர் எடுத்தது பூஜ்யம். கவாஸ்கரும் பூஜ்யம். 17 ரன்னுக்கு 5 விக்கெட் போய், கபில்தேவ் 175 அடித்துக் காப்பாற்றினார். அதையும் கணக்கில் எழுத வேண்டுமல்லவா?

பனிமூட்டம், ஞாயிறு இரவு 10.55

“38 போனாலும் 5 ரன்னில் ஜெயித்திருப்போம்.” சார், உங்களை மாதிரி ஒருத்தர் எங்க வீட்டுல இருந்தா கல்யாணத்துக்கு மொய்க் கணக்கு எழுத வேற ஆளே வேணாம்.

லயத்துப் பொண்ணு (கூடலூர்), ஞாயிறு இரவு 11.20

நான் வேற பக்கத்துல இருந்து வர்றேன்.

எங்க தாத்தா காலத்துல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்த குடும்பம். அரசாங்க டான்டீ தேயிலைத் தோட்டத்து லயத்துலதான் (தொழிலாளர் வரிசை வீடு) நான் பொறந்து வளர்ந்தது. எங்க அப்பா மனசு எப்பவும் ரெண்டு படகுல ஒவ்வொரு காலை வச்ச மாதிரி. இந்தியாவும் இலங்கையும் ஆடினா மட்டும் வாயே திறக்க மாட்டாரு.

1996 உலகக் கோப்பை, டெல்லி மேட்ச். சச்சின் 137, நாம 271. இலங்கை இறங்கி 3 ஓவர்ல 42. ஜயசூரியா நம்ம வேகப்பந்து பிரபாகரை அடிச்ச அடியில அந்த மனுஷன் அப்புறம் ஸ்பின் போட வேண்டியதாச்சு. லைன்ல டிவி இருந்த ஒரே வீட்டுல நாங்க எல்லாரும். எல்லாரும் வாயப் பொளந்து பார்த்துட்டு இருக்கறப்போ அப்பா அன்னிக்கு வாயைத் திறந்தாரு. “இதுல என்ன புதுசு? இதத்தான சீக்கா அப்பவே ஆடிக்கிட்டு இருந்தான்.”

அப்பா சொன்னதுல ஒரு விஷயம் பெரியவளான பிறகுதான் எனக்கு புரிஞ்சுது. ஜயசூரியா ஆடினப்போ முதல் 15 ஓவருக்கு உள்வட்டத்துக்கு வெளிய ரெண்டே பீல்டர்தான் நிக்கலாம். உலகக் கோப்பைக்கு அந்தச் சட்டம் வந்ததே 1992ல. சீக்காவுக்கு அதுதான் கடைசி உலகக் கோப்பை. சட்டம் வாசலைத் திறந்து விட்ட பிறகு உள்ள போனவங்க ஒரு வகை. பூட்டியிருந்த கதவை உதைச்சுப் பார்த்தவரு இவரு. பாதி தடவை கால்தான் வலிச்சிருக்கும், சரி.

எண்கணக்கன், திங்கள் காலை 7.15

லயத்துப் பொண்ணு எழுதியதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தேன். எனக்கே பாதகமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஒருநாள் ஆட்டத்தில் நூறு பந்துக்கு எத்தனை ரன்? ஸ்ரீகாந்த் 71.74. அதே காலத்து கார்டன் கிரீனிட்ஜ் 64.92. டெஸ்மண்ட் ஹெய்ன்ஸ் 63.09. கவாஸ்கர் 62.26. உலகமே நடுங்கிய மேற்கிந்தியத் தொடக்க ஜோடியைவிட வேகம். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் உடனே கொடி ஏற்ற வேண்டாம். கிரீனிட்ஜின் ஒருநாள் சராசரி 45.03, ஹெய்ன்ஸ் 41.37. நூறு பந்துக்கு ஏழெட்டு ரன் கூடுதலாக எடுக்க ஸ்ரீகாந்த் கொடுத்த விலை, ஒவ்வொரு முறையும் பன்னிரண்டிலிருந்து பதினாறு ரன். வியாபாரம் என்று பார்த்தால் நஷ்டம்தான்.

லயத்துப் பொண்ணு, திங்கள் காலை 7.40

அந்த ரெண்டு பேருக்கும் பின்னாடி ரிச்சர்ட்ஸும் லாயிடும் இருந்தாங்க சார். தைரியமா நின்னு ஆடலாம். நமக்கு அன்னிக்கு இருந்த கணக்கே வேற.

ஏரிக்கரை (கொடைக்கானல்), திங்கள் மதியம் 1.10

நீலகிரிக்காரர்கள் பேச்சில் பழநி மலைக்காரன் நுழையலாமா? 1986, 87ல் நான் சென்னையில் கல்லூரியில் படித்தேன். சேப்பாக்கத்தில் அவரை நேரில் பார்த்தவன் என்பதால் இது.

டை ஆன டெஸ்ட். 1986 செப்டம்பர் 18லிருந்து 22 வரை. கொடைக்கானல் குளிரில் வளர்ந்த உடம்பு எனக்கு. அந்த வெயிலில் கேலரி சிமென்ட் மேல் உட்கார்ந்தால் தோசைக்கல் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்திரேலியா 574. நாம் பாலோ ஆன் தவிர்த்ததே கபில் 119 அடித்ததால்தான். அந்த முதல் இன்னிங்ஸில் சீக்கா 53. அவ்வளவு ரன்னைத் தலைமேல் சுமந்துகொண்டு இறங்கியவர் ஆடுகிற ஆட்டமே இல்லை அது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது பட்டாசு வாங்கப் போகிறவன் மாதிரி.

கடைசி நாள் காலையில் ஆஸ்திரேலிய கேப்டன் பார்டர் டிக்ளேர் செய்து, ஜெயிக்க 348 என்றார். அன்றைக்கு ஒரே நாளில் 348 யாரும் யோசிக்கிற எண்ணே இல்லை. எங்கள் வரிசையில் பாதிப் பேர் “டிரா, படுத்துத் தூங்கலாம்” என்றார்கள். சீக்கா இறங்கி 39. ரன் பெரிதில்லை. ஆனால் அவர் போகும்போது கேலரியில் தூங்கப் போனவன் ஒருவன் இல்லை. அதற்குப் பிறகு கவாஸ்கர் 90, அமர்நாத் 51. கடைசியில் 347 ஆல் அவுட், மணிந்தர் எல்பி. முதல் மணி நேரத்தில் அவர் கட்டை போட்டிருந்தால் அந்த டெஸ்ட் டிரா ஆகி, இன்றைக்கு யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அவர் மட்டை பிடிக்கும்போது நடக்கிற கூத்தும் ஒரு காட்சிதான். ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை. அண்ணாந்து சூரியனை ஒரு பார்வை. மூக்கை ஒரு உறிஞ்சு. கேலரியில் பத்து பையன்கள் அதே மாதிரி மூக்கை உறிஞ்சுவார்கள். நானும்தான். ஊருக்கு வந்து லீவில் ஆடும்போது சூரியனைப் பார்க்கலாம் என்று அண்ணாந்தால் மேகம்தான் இருக்கும்.

அடுத்த வருஷம் 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பை, அதே சேப்பாக்கம், அதே ஆஸ்திரேலியா. ஒரு ரன்னில் தோற்றோம். ஜோன்ஸ் அடித்த ஒரு அடிக்கு நாலு கொடுத்திருந்தார்கள். இன்னிங்ஸ் முடிந்த பிறகு அது ஆறு என்று பேச்சு வந்தது. கபில் ஒப்புக்கொண்டார். 268, 270 ஆயிற்று. நாம் 269. அன்றைக்குச் சீக்கா 70, சித்து 73. இரண்டு பேரும் அடித்துவைத்ததை மற்றவர்கள் கரைத்தார்கள். அன்றிரவு மெஸ்ஸில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ரசத்தின் ருசிகூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பனிமூட்டம், திங்கள் மதியம் 1.30

முதல் டெஸ்ட்லயே ஒரு கூத்து பண்ணியிருக்காரே, யாரும் சொல்லலையா? 1981 பம்பாய், இங்கிலாந்து. பந்தைத் தட்டிட்டு, ரன்னும் ஓடாம, சும்மா கிரீஸை விட்டு வெளிய உலாத்தப் போயிருக்காரு. எம்புரி எடுத்து ஸ்டம்ப்ல அடிச்சு ரன் அவுட். நாங்க ஏதோ மலையில பனி மறைச்சு ரன் அவுட் ஆவோம். இவரு பட்டப்பகல்ல.

பி.டி. டீச்சர் (குன்னூர்), திங்கள் மாலை 6.20

பெண் பிள்ளைங்களுக்கு கிரிக்கெட் சொல்லித் தர்றவ நான். இங்க ஒரு பக்கம் பாசம், ஒரு பக்கம் கணக்கு. ரெண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்ல.

எனக்கு அவர் சராசரி மேல புகார் இல்ல. அரைசதத்தைச் சதமா மாத்தாததுதான் புகார். ஒன்டேல 27 அரைசதம், 4 சதம். டெஸ்ட்ல 12க்கு 2. அம்பது வரைக்கும் வந்துட்டார்னா கண்ணு பழகியாச்சு, பிட்ச் தெரிஞ்சாச்சு, பவுலர் களைச்சாச்சு. அதுக்கப்புறம் அவுட் ஆகறது பந்தாலயா, அவராலயா? மாத்த முடியாத ஆளா இருந்தா பரவால்ல, விட்டுடலாம். முடிஞ்சிருக்கே! 1986 ஜனவரி சிட்னில ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 116. 1987 பிப்ரவரி சேப்பாக்கத்துல பாகிஸ்தானுக்கு எதிரா 123. இம்ரானும் அக்ரமும் போட்ட பந்து அது. அந்த ரெண்டையும் பார்த்தா மத்த நாள் மேல கோபம்தான் வருது.

இன்னொண்ணு. சிட்னில எதிர்ப்பக்கம் யாரு? கவாஸ்கர், 172. சேப்பாக்கத்துலயும் கவாஸ்கர், 91. 1987 உலகக் கோப்பைல நாக்பூர்ல நியூசிலாந்தை ரெண்டு பேரும் பிரிச்சு மேஞ்சாங்களே, சீக்கா 58 பந்துல 75, கவாஸ்கர் ஒன்டே வாழ்க்கையிலயே ஒரே சதம், 88 பந்துல 103. அங்கயும் அதே ஜோடி. ஒரு பக்கம் மதில் உறுதியா இருந்ததாலதான் மறுபக்கம் தோரணம் கட்ட முடிஞ்சுது. சீக்காவைப் பாராட்டறவங்க பாதிப் பாராட்டை மதிலுக்கு எழுதணும்.

நான் பிள்ளைங்ககிட்ட சொல்றது: முதல் பத்து பந்து பந்தோட பேசு, பிறகு அடி. இவர் முதல் பந்துலயே சண்டைக்குப் போறவரு. அதைச் சொல்லித் தர முடியாது. சொல்லித் தர முடியாததை நான் முன்மாதிரியா வைக்க மாட்டேன்.

பழைய ஷிப்ட், திங்கள் இரவு 9.15

டீச்சரம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மதில், தோரணம் என்பது சரி. ஆனால் நாக்பூரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 1975ல் 174 பந்தில் 36 எடுத்த அதே மதில், 1987ல் 88 பந்தில் 103. பன்னிரண்டு வருஷம். தோரணத்துப் பக்கத்திலேயே நின்று நின்று மதிலுக்கும் கொஞ்சம் வர்ணம் ஏறிவிட்டதோ?

பி.டி. டீச்சர், திங்கள் இரவு 9.22

அன்னிக்கு ரன் ரேட் தேவைப்பட்டது ஐயா, அரையிறுதியை எங்க ஆடறதுன்னு முடிவாகணும். ஆனாலும் நீங்க சொன்னது அழகா இருக்கு, மறுக்க மனசு வரல.

மேட்டுக்காரன், திங்கள் இரவு 9.50

மத்ததையும் யாராவது சொல்லுங்க. கேப்டனா இருந்தாராமே?

பழைய ஷிப்ட், திங்கள் இரவு 10.25

இருந்தார் தம்பி. 1989 பாகிஸ்தான் பயணம். அதற்கு முன்னால் 1982-83 பயணத்தில் அங்கே 3-0 என்று உதை வாங்கி வந்திருந்தோம். இம்ரான், அக்ரம், புதிதாக வக்கார். நாலு டெஸ்டையும் டிரா செய்து வந்தார். கராச்சியில் நவம்பர் 15 அன்று 16 வயதுப் பையன் ஒருவனுக்குத் தொப்பி கொடுத்து இறக்கியதும் அந்தப் பயணத்தில்தான், சச்சின். இத்தனைக்கும் கேப்டனின் சொந்த மட்டை அங்கே பேசவேயில்லை. திரும்பி வந்ததும் தலைமை அசாருதீனுக்குப் போயிற்று. கேப்டன் பதவியோடு டீமில் இடமும் போயிற்று. பாகிஸ்தானில் தோற்காமல் வந்தவருக்குக் கிடைத்த மரியாதை அது. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

திரும்ப வந்து 1992 பெர்த் டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 5 கேட்ச் பிடித்தார், உலக சாதனைக்குச் சமம். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். பந்துவீச்சு தெரியுமா? 1988ல் விசாகப்பட்டினத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 27 ரன்னுக்கு 5 விக்கெட், அதே ஆட்டத்தில் மட்டையில் 70. ஆப் ஸ்பின் என்று பேர். போடுகிறவருக்கே பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது என்று நாங்கள் கேலி செய்வோம்.

2008லிருந்து 2012 வரை தேர்வுக் குழுத் தலைவர். 2011 உலகக் கோப்பை ஜெயித்த அணியைத் தேர்ந்தெடுத்த குழு அது. அப்புறம் வாழ்நாள் சாதனைக்கான சி.கே. நாயுடு விருது கொடுத்தார்கள். கொஞ்சம் தாமதம்தான்.

லயத்துப் பொண்ணு, திங்கள் இரவு 10.40

அந்த 2011 அணிக்கு ஓப்பனர் யாரு? சேவாக். முதல் மேட்ச்லயே மிர்பூர்ல 175. ஆறிப்போன டீயைச் சூடு பண்ணிக் குடிச்ச மாதிரி இருந்திருக்கும் சீக்காவுக்கு.

எண்கணக்கன், திங்கள் இரவு 11.00

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஸ்ரீகாந்த், ஜயசூரியா, சேவாக் என்று ஒரு வம்சாவளி எழுதுவது எளிது. சேவாக் பார்த்து வளர்ந்தது சச்சினை, அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சேவாக் சேப்பாக்கத்தில் 319 அடித்தார், ஒருநாளில் 104க்கு மேல் ஸ்ட்ரைக் ரேட்டோடு 8273 ரன் எடுத்தார், டெஸ்டில் இரண்டு முச்சதம். ஸ்ரீகாந்தை அவருக்கு அப்பா என்று சொன்னால் பிள்ளைக்கு அவமானம்.

பனிமூட்டம், திங்கள் இரவு 11.04

அப்பா வேணாம். பெரியப்பான்னு வச்சுக்கலாமா? சொத்து எழுதி வைக்கல, ஆனா வீட்டுல சத்தமா பேசலாம்னு முதல்ல காட்டினது அவருதான்.

எண்கணக்கன், திங்கள் இரவு 11.12

பெரியப்பா என்றால் ஆட்சேபம் இல்லை.

ஏரிக்கரை, செவ்வாய் காலை 8.00

எண்கணக்கன் ஐயா இறங்கி வந்துவிட்டார் என்பதால் நான் ஒரு படி எதிர்ப்பக்கம் போகிறேன். 1992 மார்ச் 1, பிரிஸ்பேன். அதே ஆஸ்திரேலியா, அதே ஒரு ரன் தோல்வி. சீக்கா பூஜ்யம், மெக்டெர்மாட் பந்தில் போல்ட். 1987ல் எனக்குத் தொண்டையில் ரசம் இறங்காமல் செய்த அதே ஒரு ரன். அந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக பெர்த்தில் எடுத்த 39 மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, பந்து வருவதற்கு முன்பே மட்டை போய்விடுகிற ஆட்டம். கண்ணையும் கையையும் நம்பி ஆடுகிறவனுக்கு வயது வந்தால் பின்னால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. 32 வயதில் முடிந்துவிட்டது. கட்டை போடத் தெரிந்தவன் 37 வரை ஆடுவான். ஆசைப்பட்டுச் சொல்கிறேன், ஒரு ஐந்தாறு வருஷம் நமக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

பி.டி. டீச்சர், செவ்வாய் காலை 8.25

இதுதான் சார் நான் சொன்னதும்.

மேட்டுக்காரன், அடுத்த ஞாயிறு இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. பதில் சொல்லாததுக்குக் காரணம், கரண்ட், நெட் ரெண்டும் மூணு நாளா ஒழுங்கா இல்ல.

பெரியப்பாகிட்ட இந்த இழையை வாசிச்சுக் காட்டினேன். எண்கணக்கன் சார் எழுதினதுக்கு ரெண்டு வார்த்தை சொன்னார், அதை இங்க எழுத முடியாது. டீச்சர் சொன்ன மதில், தோரணத்துக்கு மட்டும் தலையாட்டினார். திட்டா, பாராட்டான்னு நேராவே கேட்டேன். “ரெண்டும் இல்ல, அவன் காலு நகரல, அதைச் சொல்ல வந்தேன், வாயில அந்தப் பேருதான் வந்துச்சு”ன்னார்.

அப்புறம் பையனைக் கூப்பிட்டு 1983 பைனல்ல ராபர்ட்ஸை முட்டி போட்டு அடிச்ச அந்த ஒரு பந்தை மட்டும் போன்ல காட்டினோம். பெரியப்பா ஏழெட்டு தடவை போடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் புதுசா பார்க்கற மாதிரி ‘ஹா’ன்னார். பையன் மூணாவது தடவைலயே சத்தத்தைக் குறைச்சுட்டு உத்துப் பார்த்தான். “பெரியப்பா, நீங்க எல்லாரும் சுத்தறார், சுத்தறார்னு சொல்றீங்க. இது சுத்தலே இல்லையே. முன்காலு பந்துகிட்ட போயிருக்கு, தலை பந்து மேல இருக்கு, மட்டை கடைசிலதான் வருது. இது டிரைவ்.”

பெரியப்பா கண்ணாடியைத் துடைச்சுட்டு இன்னொரு தடவை பார்த்தார். நாப்பது வருஷமா பார்த்துட்டு இருக்கறவர். ஒண்ணும் சொல்லல. பையனுக்கு டீ ஊத்தச் சொன்னார்.

இன்னிக்கு மேட்ச். பையன் முதல் ஓவர்ல மூணு பந்து விட்டான். நாலாவதுக்கு முட்டி போட்டு பாயின்ட் பக்கம் ஒண்ணு அடிச்சான். நேரா செடிக்குள்ள. நம்ம கணக்குல ரெண்டு. ஆறாவது ஓவர்ல 14 நாட் அவுட்டா இருக்கறப்போ கீழ இருந்து பனி ஏறிச்சு. பவுலர் ஓடி வர்றதே தெரியல, அம்பயர் பெயிலைத் தட்டிட்டார். அப்படியே மழை. எல்லாரும் ஷெட்டுக்கு ஓடினோம், மேட்டைச் சுருட்ட யாரும் நிக்கல.

இப்போ அது ஊறிப்போய் ரெண்டு ஆள் கனம் கனக்குது. யார் வீட்டு மாடியில காயப்போடறதுன்னு சண்டை நடக்குது. பெரியப்பா வீட்டு மாடிதான் பெருசு. கேட்கப் போன பையன் இன்னும் திரும்பி வரல.